தியோமானுக்குப் போகும் கணக்கு

நம் மேடைகளில் யாராவது விமானம் என்று வாய் திறந்தால் பேச்சு நேராகப் புறநானூற்றுக்குப் போய்விடும். இருபத்தேழாம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், ஓட்டுபவன் இல்லாமலே வானில் செல்லும் ஊர்தியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார் அல்லவா? ஆகவே ஆளில்லா விமானம் நம்முடையது என்று கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவோம். புலவர் பாடியது புகழோடு வாழ்ந்தவர்கள் விண்ணுலகம் சேரும் ஊர்தியை. நல்ல கற்பனை, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்த ஊர்திக்கு எத்தனை லிட்டர் எரிபொருள் ஊற்ற வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, அவரை மேற்கோள் காட்டுகிறவர்களும் கேட்கவில்லை. இந்தக் கட்டுரை அந்த லிட்டர் கணக்கைப் பற்றியது.

கடந்த சில மாதங்களாக நாங்கள் நால்வர் ஒரு பயணத்தைத் திட்டமிட்டு வருகிறோம். சிலேத்தாரில் இருந்து சிறிய விமானத்தில் வடக்கே தியோமான் தீவு, வாய்த்தால் பிறிதொரு நாள் இன்னும் வடக்கே ரெடாங். நால்வரில் ஒருவர் பல்கலைக்கழகத்தை விட்டுப் போய்விட்ட முன்னாள் மாணவர். தொடக்கக் கல்லூரி நாளிலேயே சிங்கப்பூர் யூத் ஃபிளையிங் கிளப்பில் சேர்ந்து பயின்று தனியார் விமானி உரிமம் பெற்றவர். 1971இல் தொடங்கிய அந்தக் கழகத்தைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியாது என்பதே எனக்கு வியப்பு. அவரை நாங்கள் அண்ணன் என்றே அழைக்கிறோம். மற்ற இருவரில் ஒருவர் திருநெல்வேலியில் இருந்து இங்கு படிக்க வந்த நண்பர். மற்றவர் யாழ்ப்பாணத்துத் தோழி, எங்களில் இளையவர். நான் ஜோகூர் மாநிலத்து மாசாய்க்காரன். ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளி, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி, இப்போது இங்கே.

வரைபடத்தில் பார்த்தால் வேலை எளிது. சிலேத்தாரில் இருந்து தியோமான் நேர்கோட்டில் ஏறக்குறைய 160 கிலோமீட்டர். பேருந்தில் மெர்சிங் போய், அங்கே படகுக்குக் காத்திருந்து, கடலில் வயிற்றைக் கலக்கிக்கொண்டு போனால் ஒரு நாளில் பெரும்பகுதி போய்விடும். சிறிய விமானத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. ஒரு காலத்தில் சிங்கப்பூரில் இருந்தே பெர்ஜாயா ஏர் நிறுவனம் நான்கு இயந்திரங்கள் கொண்ட டாஷ் 7 விமானத்தில் ஆட்களை அங்கே கொண்டுபோய் இறக்கியது. தியோமானுக்கான அதன் சேவை 2014இல் நின்றது. தீவின் ஓடுபாதை ஒரு கிலோமீட்டர் நீளம்தான்; ஒரு முனையில் மலை. பெரிய விமானங்கள் அங்கே வர முடியாததற்கு அதுதான் காரணம். தீவு இன்னும் தீவாக இருப்பதற்கும் அதுவே காரணம் என்பேன், ஆனால் அது வேறு கட்டுரை.

இடையில் இருப்பது இரண்டு நாட்டு வான்வெளி. அது வெறும் காற்று அன்று என்பதை எங்கள் மாசாய் மக்கள் 2018 இறுதியிலேயே தெரிந்துகொண்டார்கள். சிலேத்தாரில் கருவிவழித் தரையிறங்கும் முறையைக் கொண்டுவரச் சிங்கப்பூர் முடிவுசெய்தது. அந்த வழி பக்கத்துப் பாசிர் கூடாங்கின் மேல் செல்வதால், அங்கே உயரமான கட்டடம் எழுப்பவும் துறைமுகம் வளரவும் தடையாகும் என்று மலேசியா எதிர்த்தது. 2019 ஜனவரி முதல் அந்த வட்டாரத்து வானைக் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக்கியது. ஃபயர்ஃபிளை நிறுவனத்தின் சிலேத்தார் சேவை 2018 டிசம்பர் முதல் நாளன்று நின்று, இரு நாட்டுப் போக்குவரத்து அமைச்சர்களும் உடன்பாடு கண்ட பிறகு 2019 ஏப்ரலில்தான் மீண்டும் தொடங்கியது. அப்போது நான் இடைநிலைப்பள்ளி மாணவன். செய்தி மலாயிலும் ஆங்கிலத்திலும் வந்துகொண்டிருந்தது. "நம்ம தலைக்கு மேல போறதுக்கு யாருடா வழி சொல்றது?" என்று பாட்டி கேட்டார். விமானம் சாய்கோட்டில் இறங்குவதையும், அந்தக் கோட்டுக்குக் கீழே கட்டடம் எவ்வளவு உயரலாம் என்பதையும் ஒரு தாளில் முக்கோணம் வரைந்து சொன்னேன். கோணம், சாய்வு, உயரம், தொலைவு எல்லாம் தமிழ்ப்பள்ளிக் கணித நூல் கொடுத்த சொற்கள். பாட்டிக்குப் புரிந்தது, புரிந்த பிறகு அவர் இரண்டு அரசாங்கத்தையும் திட்டினார்.

இப்போது எங்கள் தாளுக்கு வருகிறேன். நான்கு இருக்கைகள் கொண்ட, ஒற்றை இயந்திர டைமண்ட் டி.ஏ. 40 வகை விமானம் என்று வைத்துக்கொண்டோம். மேலெழும்பும்போது இருக்கலாகும் உச்ச எடை 1,150 கிலோ. விமானத்தின் வெற்று எடைக்கு 790 கிலோ எழுதினோம். மீதி 360. அந்த 360 கிலோவுக்குள் ஆள், பை, எரிபொருள் மூன்றும் அடங்க வேண்டும். தியோமானில் எரிபொருள் கிடைக்கும் என்று நம்பிப் புறப்படக் கூடாது என்பது அண்ணன் வைத்த முதல் விதி. ஆகவே போகவர ஒன்றரை மணி நேரத்துக்கு 52 லிட்டர். தரையில் ஓடவும் மேலேறவும் 9. இறங்க முடியாமல் வேறிடம் தேடினால் அதற்கு 18. எதற்கும் தொடக் கூடாத 45 நிமிட இருப்பு 26. ஆக 105 லிட்டர். லிட்டருக்கு 0.72 கிலோ என்றால் 76 கிலோ. மிஞ்சியது 284.

நாங்கள் நால்வரும் காலணியோடு எடை பார்த்தோம். 287.

மூன்று கிலோ கூடுதல். பைகள் இன்னும் தரையில் இருக்கின்றன. முஸ்தஃபாவில் வாங்கிய தொங்கு தராசில் அவற்றையும் மாட்டிப் பார்த்தோம், 28 கிலோ. நான்கு இருக்கை என்றால் நான்கு பேர் என்று இதுவரை நினைத்திருந்தோம்.

இந்தக் கணக்கை முழுக்கத் தமிழில் போட்டோம். கொள்கைக்காக அல்ல, தேக்கா உணவங்காடியில் உட்கார்ந்தால் வேறு மொழி வருவதில்லை, அவ்வளவுதான். ஆனால் போடத் தொடங்கிய உடனே ஒரு சிக்கல் வந்தது. தாளின் தலைப்பில் திருநெல்வேலி நண்பர் 'நிறை' என்று எழுதினார். தமிழ்நாட்டுப் பாடநூலில் நிறை என்றால் மாஸ்; வெயிட்டுக்கு எடை. யாழ்ப்பாணத் தோழிக்கோ நிறை என்றால்தான் வெயிட். மாஸுக்கு அவர் படித்த சொல் திணிவு. எனக்குத் தமிழ்ப்பள்ளியில் சொல்லித்தந்தது பொருண்மை. அண்ணனுக்கு எல்லாமே வெயிட். ஒரே சொல் பாக்கு நீரிணையைத் தாண்டியதும் வேறு பொருளாகிவிடுகிறது என்பதை ஒரு தமிழ் மாநாட்டிலும் நான் கேட்டதில்லை. கிலோவில் போடும் கணக்கில் இந்த வேறுபாடு விமானத்தைக் கவிழ்க்காது. ஆனாலும் அண்ணன் சிரிக்கவில்லை. கனடாவில் நடந்ததைச் சொன்னார்.

1983 ஜூலை 23. ஏர் கனடாவின் போயிங் 767. எரிபொருள் அளவுமானி வேலை செய்யவில்லை, கையால் கணக்கிட்டார்கள். கனடா மெட்ரிக் அளவுக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். லிட்டரை எடையாக மாற்றும்போது கிலோவுக்கு உரிய எண்ணை விட்டுவிட்டுப் பவுண்டுக்கு உரிய எண்ணால் பெருக்கினார்கள். 22,300 கிலோ இருக்க வேண்டிய இடத்தில் 22,300 பவுண்டு. தேவையில் பாதிகூட இல்லை. 41,000 அடி உயரத்தில் போய்க்கொண்டிருந்த விமானம் எண்ணெய் தீர்ந்து, கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் மிதந்து வந்து இறங்கியது. 69 பேரும் பிழைத்தது விமானியின் திறமை. அங்கே குழப்பம் அளவில்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். மொழி எதுவானாலும், அளவுக்கு ஒரு பெயர், பெயருக்கு ஒரு பொருள் என்று முதலில் உட்கார்ந்து பேசித் தீர்க்காவிட்டால் ஆபத்துதான். நாங்கள் அன்றே 'எடை' என்று முடிவுசெய்து, மற்றவற்றை அடித்தோம்.

வலியறிதல் அதிகாரத்தில் மயிலிறகு ஏற்றிய வண்டியின் அச்சு முறிவதைப் பற்றிய குறள் உங்களுக்கு இந்நேரம் நினைவுக்கு வந்திருக்கும். எங்களுக்கும் வந்தது. மனப்பாடப் போட்டிக்கு வெளியே அந்தக் குறள் எனக்குப் பயன்பட்டது அதுதான் முதல் தடவை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் மேசையில் இடம் இல்லாமல் ஓரமாக வந்து உட்கார்ந்தவர் ஒருவர். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், கட்டுமானத் தளத்தில் கிரேனுக்குப் பளு கட்டும் ரிக்கர் வேலை. தேநீர் ஆறும்வரை எங்கள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "பைய எங்க வெப்பீங்க தம்பி?"

பின்னால் என்றேன்.

"அப்ப வாலு தாழுமே."

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஈர்ப்பு மையம் பின்னால் போனால் விமானத்தின் மூக்கு தூக்கும், அளவு மீறினால் விமானியால் அதைத் திருத்த முடியாது என்பதைப் பயிற்சியில் பல மணி நேரம் படித்தவர் அவர். இவர் ஒரு பார்வையில் சொல்லிவிட்டார். "கிரேன்லயும் இதேதான் தம்பி. அம்பது டன் கிரேன்னா எங்கயும் அம்பது டன் தூக்கும்னு நெனப்பாங்க. அது கிட்டக்க தூக்குனாத்தான். பூம் நீள நீள லோடு கொறஞ்சுகிட்டே வரும். சார்ட்டப் பாக்காமத் தூக்குனா கவுந்துரும்." திருநெல்வேலி நண்பர் மெதுவாக, "திருப்புத்திறன்" என்றார். பள்ளியில் எழுதி மதிப்பெண் வாங்கிய சொல். அதன் உடம்பை அன்றுதான் பார்த்தோம்.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த மேசைதான். சிங்கப்பூரில் உயிரோடு சம்பந்தப்பட்ட தமிழ் எங்கே இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கட்டுமானத் தள வேலியில் நான்கு மொழிப் பலகையில் 'அபாயம்' என்று இருக்கிறது. தளத்தில் கால் வைக்குமுன் ஊழியர்கள் முடிக்க வேண்டிய பாதுகாப்புப் பயிற்சி தமிழிலும் நடக்கிறது. சாரத்தின் மேல் நிற்பவரும் கீழே கயிறு பிடிப்பவரும் தமிழில் கத்திக்கொள்கிறார்கள். கேட்டவர் தவறாகப் புரிந்துகொண்டால் யார் தலையிலாவது இரும்பு விழும். நாம் பல்கலைக்கழகத்தில் வைத்திருக்கும் தமிழ் எது? பொங்கலுக்கு வாழ்த்துரை, பட்டிமன்றத்தில் நடுவர் ஐயாவுக்கு வணக்கம், நாடகத்தில் அம்மா அழும் காட்சி. தவறினால் யாருக்கும் ஒன்றும் ஆகாத தமிழ். பொறியியல் படிக்கும் தமிழ் மாணவர்கள் இங்கே நிறைய இருக்கிறோம். ஒரு தூணின் பளுவைத் தமிழில் பேசிக்கொள்கிறோமா? அந்தத் தூணைக் கட்டுகிறவர் பேசுகிறார்.

இதற்கு வரும் மறுப்பு எனக்குத் தெரியும். வானில் ஆங்கிலம்தானே பேச வேண்டும், பிறகு தமிழ் எதற்கு? வானொலியில் ஆங்கிலம்தான், அதில் எனக்கு வாதமே இல்லை. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே சவூதி விமானமும் கசக்ஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். கொடுத்த உயரத்துக்குக் கீழே கசக் விமானம் இறங்கியிருந்தது; அதன் விமானிகளுக்கு ஆங்கிலத்தில் இருந்த தடுமாற்றமும் விசாரணையில் பேசப்பட்டது. அனைத்துலக விமானிகளுக்கு ஆங்கிலத் தேர்ச்சி அளவு 2008இல் நடைமுறைக்கு வந்தது இப்படிப்பட்ட பாடங்களால்தான். சிலேத்தார் கோபுரத்திடம் யாரும் செந்தமிழில் அனுமதி கேட்கப் போவதில்லை. ஆனால் வானொலியில் பேசுவது நாலு வாக்கியம். அந்த நாலு வாக்கியத்துக்கு முன்னால் தரையில் நாற்பது மணி நேரம் யோசிக்கிறோம், சண்டை போடுகிறோம், திருத்துகிறோம். அந்த நேரத்துக்கு எந்த மொழி என்பதே என் கேள்வி.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. அதைச் சொன்னவர் அண்ணன். 1997 ஆகஸ்டு 6 அன்று குவாமில் கொரியன் ஏர் விமானம் மலையில் மோதி 228 பேர் இறந்தார்கள். தலைமை விமானியின் போக்கைத் துணை விமானியும் பொறியாளரும் சரிவரக் கண்காணித்துத் தடுக்கவில்லை என்று அமெரிக்க விசாரணை வாரியம் குறிப்பிட்டது. மூத்தவரை எதிர்த்துப் பேச இடம்தராத மொழியும் மரியாதையும் இதற்குக் காரணம் என்று பிறகு பலர் எழுதினார்கள். அது முழுக்கச் சரியா என்று இன்றும் வாதம் நடக்கிறது. நம் தமிழ் மட்டும் என்ன? அண்ணே, அக்கா, ஐயா, நீங்க, வாங்க. 'உங்கள் கணக்குத் தவறு' என்று ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அனுப்பிவிடலாம். அண்ணனைப் பார்த்துத் தமிழில் சொல்ல நாக்கு எழுமா?

எழும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் பார்த்தேன். மூன்று கிலோ கூடுதல் என்றானதும் திருநெல்வேலி நண்பர் வழி சொன்னார்: "திரும்பி வர்றப்ப எண்ணெய் தீர்ந்து லேசாத்தானே இருக்கும். அந்த இருப்புல பத்து லிட்டர் கொறச்சா நாலு பேரும் போயிரலாமே?" பத்து லிட்டர் என்றால் ஏழு கிலோ. கணக்குப் பொருந்துகிறது. நால்வரும் போகலாம் என்ற ஆசையில் யாரும் உடனே மறுக்கவில்லை. வயதில் எல்லோருக்கும் இளையவரான தோழிதான் பேசினார்: "இல்லை அண்ணா, உது சரிவராது. மழை மறிச்சா எங்கை போறது?" அண்ணா என்ற சொல் அந்த வாக்கியத்தில் இருந்தது, மறுப்பும் இருந்தது. ஒன்று மற்றதைக் கரைத்துவிடவில்லை. தமிழில் மரியாதையாக மறுக்க முடியாது என்பவர்கள் வீட்டில் தம் தங்கைகள் பேசுவதைக் கேட்டதில்லை போலும்.

தமிழில் இதெல்லாம் முடியாது என்பவர்களுக்கு மானிப்பாயை நினைவூட்டலாம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், ஆங்கிலத்தில் தொடங்கிய மருத்துவக் கல்வியை 1864 முதல் தமிழுக்கு மாற்றினார். நூல்களைத் தமிழாக்கி, உடற்கூற்றுக்கும் அறுவைக்கும் சொல் தேடி, தமிழிலேயே மருத்துவர்களைப் பயிற்றுவித்தார். நோயாளி பிழைப்பதும் சாவதும் அந்தச் சொற்களைப் பொறுத்திருந்தது. இங்கே சிங்கப்பூரிலும் உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியில் பாடங்கள் தமிழில் நடந்தன. 1982இல் அது மூடப்பட்டது. அதை மீண்டும் திறக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. இந்நாட்டில் அது நடவாது, நடக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. தமிழ்ப்பள்ளியில் படித்த நானே மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் பிற்பாடு பிழைத்தேன்.

நான் கேட்பது சிறியது. தீபாவளிக்கு ஊழியர் தங்கும் விடுதிகளுக்குப் பை நிறையப் பொருளோடு போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பும் வழக்கம் மாணவர் அமைப்புகள் பலவற்றில் உண்டு. நல்ல மனத்தோடுதான் போகிறோம். ஆனால் அந்த விடுதியில் இருப்பவர்களில் பளு கட்டுபவர், சாரம் கட்டுபவர், மின்கம்பி இழுப்பவர் இருக்கிறார்கள். தம் வேலையின் அறிவைத் தமிழில் வைத்திருக்கிறார்கள். நாம் கொடுப்பவர்கள், அவர்கள் வாங்குபவர்கள் என்ற ஒரே உறவுதான் நமக்குத் தெரிகிறது. நம் சங்கத்தின் ஆண்டு நிகழ்ச்சிகளில் ஒரு மாலையை எடுத்து, அவர்களில் ஒருவரை மேடையில் நிறுத்தி, பளு என்றால் என்ன என்று ஒரு மணி நேரம் பாடம் நடத்தச் சொல்லலாம். கேள்வி கேட்க நம் பொறியியல் மாணவர்கள் முன்வரிசையில் இருக்கட்டும். பேச்சாளருக்கு வழக்கமாகப் போர்த்தும் பொன்னாடையை அன்று அவருக்குப் போர்த்தலாம். வேலைநாள் என்றால் அவர் இழக்கும் சம்பளத்தையும் கொடுக்க வேண்டும். புதுக்கோட்டைக்காரரிடம் கேட்டேன். "நானா? இங்கிலீசு வராதே தம்பி" என்றார். வரவே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். செயற்குழுவும் அதையேதான் சொல்லியிருக்கிறது.

எங்கள் தாள் இப்போது ஒன்பது பக்கம். கடைசிப் பக்கத்தில் சொற்பட்டியல். நான்கு நாட்டுச் சொற்களும் பக்கத்தில் பக்கத்தில். அந்தத் தொடக் கூடாத எண்ணெய்க்கு மட்டும் இன்னும் பெயர் முடிவாகவில்லை. கையிருப்பு என்று எழுதினால் செலவழிக்கலாம் போல ஒலிக்கிறது என்கிறார் தோழி. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அந்தப் பக்கமே போகக் கூடாது. ஆகவே நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் எந்தத் தேதியும் இல்லை. வெயில் ஏறினால் காற்று லேசாகி, விமானம் தரையை விட்டு எழும்ப நீண்ட தூரம் ஓட வேண்டியிருக்கும். குட்டையான ஓடுபாதைக்கு அது ஆகாது. அதனால் காலைப் பொழுதுதான். தியோமானில் சுங்கமும் குடிநுழைவும் அன்றைக்கு இருக்குமா என்று எழுதிக் கேட்க வேண்டும். இல்லையென்றால் முதலில் செனாயில் இறங்கி, பிறகு தீவு. செனாய் வழியாகப் போனால் எரிபொருள் கணக்கை முதலில் இருந்து போட வேண்டும்.

ஆட்கள் மூவர் என்பது மட்டும் முடிவாகிவிட்டது. நாலாவது ஆள் நான். எனக்குத்தான் மெர்சிங் போகும் வழி தெரியும், கடவுச்சீட்டும் அந்தப் பக்கத்தது. பைகள் இருபத்தெட்டு கிலோவும் என்னோடு பேருந்தில் வருகின்றன.